நல்ல தொட்டி, பொல்லாத மூடி

டொராண்டோ கடைகளில் 45 × 45 × 60 சென்டிமீட்டர் கண்ணாடித் தொட்டியின் விலை இறங்கியிருக்கிறது. முன்புறம் இரட்டைக் கதவும் மேலே கம்பிவலை மூடியும் கொண்ட இதில்தான் என் க்ரெஸ்டட் கெக்கோ என்ற பல்லி வளர்கிறது. அமைப்பு பலரும் அறிந்ததே என்பதால், குளிர்காலந்தோறும் என் பொறுமையைச் சோதிக்கும் அந்த மூடியைப் பற்றியே எழுதுகிறேன்.

அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு 1994-இல் மீண்டும் கண்டறியப்பட்ட இந்தப் பல்லியின் தாயகம் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் காடுகள். 22 முதல் 26 பாகை வரையிலான வெப்பமும், இரவில் நீர் தெளித்தால் 80 விழுக்காட்டை எட்டி மறுநாள் மாலைக்குள் 50 வரை மெல்ல இறங்கும் ஈரப்பதமும் அதற்கு ஏற்றவை. வெப்பத்துக்கு வீட்டு ஹீட்டரே போதும். ஆனால் காற்றை உலர்த்துவதும் அதே ஹீட்டர்தான். கதவுகளுக்குக் கீழுள்ள காற்றுத்துளைகள் வழியே வறண்ட காற்று உள்ளே நுழைய, ஈரக்காற்று மேலெழுந்து வலை வழியே வெளியேறிவிடுகிறது. இரவு இலைகள் சொட்டச் சொட்டத் தெளித்துவிட்டுப் படுத்தாலும், ஜனவரி மாதக் காலைகளில் ஈரப்பதமானி 40-க்குக் கீழே நிற்கிறது.

இது வெறும் எண் விவகாரமன்று. சென்ற குளிர்காலத்தில் பல்லி தோல் உரித்தபோது, பின்னங்கால் விரலொன்றில் பழைய தோல் வெள்ளை நூல் சுற்றியதுபோல் இறுகி நின்றுவிட்டது. அப்படியே விட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரலே போய்விடும். வெதுவெதுப்பான ஈரத்துணி விரித்த டப்பாவில் அதைச் சற்று நேரம் இருக்கவிட்டு, பஞ்சுக்குச்சியால் மெல்ல உருட்டித்தான் எடுக்க முடிந்தது.

கோடையில் இதே வலை பூஞ்சைக்கு இடம் தராமல் காற்றோட்டத்தைக் காக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கதவுகளோ அருமை. மேலிருந்து நீளும் கையை வேட்டைப் பறவையாகவே கருதி மிரளும் பிராணிக்குப் பக்கவாட்டில் உணவுக் கிண்ணத்தை மாற்ற முடிவது பெரிய வசதி. நம் ஊர்ச் சுவர்ப்பல்லிக்கு வால் மறுபடி முளைக்கும். மிரண்டு வாலை உதிர்த்த க்ரெஸ்டட் கெக்கோவுக்கு முளைக்காது. களிமண் உருண்டைகள், வலைத்துணி, மண் என்று அடுக்கும் அளவுக்கு அடிப்பகுதியும் ஆழமானது. அதில் நட்ட மணிபிளாண்ட் கூரையைத் தொட்டுவிட்டது. குழாய்நீர் கண்ணாடியில் விடும் வெள்ளைப் புள்ளிகளுக்குத் தொட்டியைக் குறை சொல்ல முடியாது. காய்ச்சி வடித்த நீர் அதற்குத் தீர்வு.

இவ்வளவையும் கேட்ட நண்பர் ஒருவர், "அப்படியானால் வாங்கலாம்தானே?" என்றார். வேண்டாம் என்றேன். வலையைப் பாதி மூடவும் திறக்கவும் தோதாக நகர்த்தக்கூடிய ஒரு தகட்டைச் சேர்த்துத் தர மனமில்லாதவர்கள், விலையைக் குறைத்ததால் மட்டும் நல்லவர்களாகிவிட மாட்டார்கள். அவர் மே மாதத்தில் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஆனாலும் வாங்கியே தீருவேன் என்பவர்கள், வலையின் முக்கால் பங்கை மறைக்குமாறு ஒரு கண்ணாடித் தகட்டை வெட்டி, முனைகளைத் தேய்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிய அக்ரிலிக் தகடு, ஒருபுறம் ஈரமும் மறுபுறம் வறட்சியும் படுவதால் நாளடைவில் வளைந்துவிடும். கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதால், அக்கதிர் தரும் விளக்கை மூடாமல் விட்ட கால் பங்கின் மேல்தான் வைக்க வேண்டும்.