ஆற்றங்கரையா, மேட்டு மரத்தடியா? டென்ட்டா, ஹேமக்கா?

காட்டு மலைகளுக்கு நடுவே ஆறு ஓடும் கேம்ப்கிரவுண்ட் எதை எடுத்துக்கொண்டாலும், முன்பதிவில் முதலில் தீர்ந்துபோவது தண்ணீரை ஒட்டிய முதல் வரிசைதான். பின்னால் சரிவேறி மரங்களுக்குள் இருக்கும் இடங்கள் கடைசி வரை காலியாகக் கிடக்கும். நான் அந்தக் காலி இடங்களின் கட்சி. அதற்காகக் கரையோரத்தை ஒரேயடியாகக் குறை சொல்லப் போவதில்லை, அதற்கும் நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கரையோரத்தில் வானம் திறந்திருக்கும். காலை வெயில் சீக்கிரம் வந்து விழுவதால் நனைந்த டென்ட் மடிப்பதற்குள் காய்ந்துவிடும், மரத்தடியில் இது நடக்காது. பகலில் ஆற்றின் மேல் காற்று ஓடிக்கொண்டே இருக்கும், கொசு அவ்வளவாக உட்காராது. (வேகமாக ஓடுகிற தண்ணீரில் பெரும்பாலான கொசு முட்டையிடாது என்பது சரிதான், ஆனால் கடித்து ரத்தம் எடுக்கும் சின்னக் கறுப்பு ஈக்கள் வேகமாக ஓடும் தண்ணீரில்தான் வளரும். அவை இருக்கிற ஆறு என்றால் கரைக்காரர்கள் பாடு திண்டாட்டம்.) சமைக்க, பாத்திரம் கழுவ, தீயை அணைக்கத் தண்ணீர் பக்கத்திலேயே. குழந்தைகள் பகல் முழுக்கத் தண்ணீரில் கிடப்பார்கள். பகலுக்கு இதை அடித்துக்கொள்ள வேறு இடமே கிடையாது.

சிக்கல் எல்லாம் ராத்திரிக்குத்தான்.

மலை ஆறு ஏறுவதற்கு நீங்கள் இருக்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டியதில்லை. உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும், பத்து கிலோமீட்டர் மேலே ஒரு சரிவில் மேகம் கொட்டித் தீர்க்கும், தண்ணீர் கொஞ்ச நேரம் கழித்து உங்களிடம் வரும். ஸ்பெயினில் பிரனீஸ் மலையடிவாரத்து பியெஸ்காஸ் அருகே 1996 ஆகஸ்ட் 7 மாலை, மேலே பெய்த மழை ஓர் ஓடை வழியாக ஒரு கேம்ப்சைட்டுக்குள் இறங்கி 87 பேரைக் கொன்றது. அந்த இடம் அமைந்திருந்ததே அந்த ஓடை காலங்காலமாக அடித்துக்கொண்டு வந்து பரப்பிய வண்டல் மேட்டின் மேல்தான். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்துக் காட்டு மலைகளில் உள்ள ஆல்பர்ட் பைக் கேம்ப்கிரவுண்டில் 2010 ஜூன் 11 விடிவதற்கு முன்பே லிட்டில் மிசூரி ஆறு சில மணி நேரத்தில் சுமார் 20 அடி உயர்ந்தது, 20 பேர் இறந்தார்கள். இன்னொன்று ஜப்பானில், 1999 ஆகஸ்டில், குரோகுரா ஆற்றின் நடுத்திட்டில் டென்ட் போட்டவர்கள். மழை வலுக்கிறது, வெளியே வாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் நகராத குழுவில் 13 பேர் போனார்கள். ஆற்றின் நடுவில் இருக்கும் மணல் திட்டு என்பது படுக்கிற இடமே இல்லை, அதைப் போட்டியில்கூடச் சேர்க்க வேண்டாம். மேலே அணை இருந்தால் இரண்டு மடங்கு அப்படி.

சரி, முதல் வரிசைதான் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். டென்ட்டைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன் கரையோரப் புதர்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கிளைகளில் காய்ந்த புல், சுள்ளி, கிழிந்த பிளாஸ்டிக் எல்லாம் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். ஆறு ஓடும் திசையில் சீவி விட்டதுபோல. அது எந்த உயரத்தில் நிற்கிறதோ, போன வெள்ளம் அந்த உயரத்தில் வந்து போயிருக்கிறது. உங்கள் இடுப்புக்கு மேல் என்றால் நீங்கள் படுக்கப் போவது ஆற்றின் படுகையில், கரையில் இல்லை. மரத்தில் ஆறு வந்து மோதும் பக்கத்துப் பட்டை உரிந்திருப்பது, வேர் மண் அரித்து வெளியே தொங்குவது, உருண்டைக் கல் புல்தரையின் நடுவில் கிடப்பது, இவையும் அதே கதையைத்தான் சொல்கின்றன. ராத்திரியில் ஏதாவது மாறுகிறதா என்று தெரிய, தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்துவிட்டு, எழும்போதெல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்தாலோ, ஓடும் சத்தம் கனமானாலோ சாமானைப் பொறுக்கிக்கொண்டு நிற்காதீர்கள். ஓடுகிற தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளைக் கீழே தள்ளிவிடும். ஏறுவதும் மேட்டுப் பக்கம் நேராக மேலே ஏற வேண்டும், பாதை வழியாகப் பள்ளத்தாக்கோடு கீழே ஓடக் கூடாது.

இதில் ஆற்றுச் சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது தாலாட்டு என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான், நன்றாகத் தூக்கம் வரும். ஆனால் அதே சத்தம் தூரத்து இடியை மறைக்கும், பக்கத்து டென்ட்காரர் கூப்பிடுவதை மறைக்கும், ஒரு மிருகம் பாத்திரத்தை உருட்டுவதையும் மறைக்கும். மேட்டில் படுத்தால் சத்தம் கேட்கும், ஆனால் மற்றதும் கேட்கும்.

வெள்ளம் என்றோ ஒருநாள் வருவது. குளிரும் ஈரமும் தினம் வரும். மேகமில்லாத ராத்திரியில் சரிவுகளின் மேல் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். அதனால் ஆற்றோரம்தான் அந்தப் பகுதியிலேயே குளிரான இடம், கொஞ்சம் மேலே சரிவில் உள்ள மேடை சில டிகிரி இதமாக இருக்கும். கரையோரக் காற்றில் ஈரமும் அதிகம், தலைக்கு மேல் மரம் இல்லாததால் டென்ட் துணி வானத்துக்குச் சூட்டை விட்டுவிட்டுச் சீக்கிரம் குளிரும், வெளியே பனி இறங்கும், உள்ளே உங்கள் மூச்சு துளித்துளியாகத் துணியில் ஒட்டும். தூங்குகிற ஓர் ஆள் ஒரு ராத்திரியில் மூச்சிலும் தோலிலும் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் விடுகிறார், இரண்டு பேர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் நனைந்திருந்தால் டென்ட் ஒழுகிவிட்டது என்று விற்றவரைத் திட்டுவதற்கு முன் இதை யோசியுங்கள். மரக்கூரைக்குக் கீழே துணியில் ஒட்டும் இந்த ஈரம் நன்றாகவே குறையும். இதற்காகவே நான் மேடு ஏறுவேன்.

மரத்தடிக்கும் குறை உண்டு, பெரிய குறை ஒன்றே ஒன்று: தலைக்கு மேல் தொங்கும் காய்ந்த கிளை. இடம் பார்க்கும்போது எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள், கல் இருக்கிறதா, சமமா என்று. தலையைத் தூக்கி மேலே பார்ப்பவர் குறைவு. பட்டையில்லாத வெளுத்த கிளை, முறிந்து இன்னொரு கிளையில் மாட்டிக்கொண்டு நிற்கும் துண்டு, அடியில் காளான் முளைத்த மரம், இவற்றின் கீழ் எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும் வேண்டாம். இது போக, மழை நின்ற பிறகும் மரம் மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டிருக்கும், சருகுக்குள் உண்ணி, அட்டை இருக்கலாம், பிசின் ஒட்டும். நோய் பரப்பக்கூடிய உண்ணியைத் தவிர மற்றவை எரிச்சல்கள்தான், பெரிய ஆபத்து கிளைதான்.

எண்ணிட்டு ஒதுக்காத இடத்தில், நீங்களே தேர்ந்து டென்ட் போடுவதென்றால் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போடுவது உலகம் முழுக்கப் பொறுப்பான மலையேறிகள் வைத்திருக்கும் கணக்கு. கரை மண்ணும் செடியும் மிதிபடாது, ராத்திரி தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளின் வழியையும் நாம் மறிக்க மாட்டோம். பாத்திரம் கழுவிய தண்ணீர், சோப்பு, இயற்கை உபாதை எல்லாவற்றுக்கும் அதே 60 மீட்டர்தான். 'மக்கும் சோப்பு' என்று எழுதியிருந்தாலும் அது மண்ணில் மக்குவது, ஆற்றில் நேராகக் கலக்கும் உரிமை இல்லை.

இடம் முடிவானால் அடுத்த சண்டை, எதில் படுப்பது: டென்ட்டிலா, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் துணித் தொட்டிலான ஹேமக்கிலா. இதில் நான் யார் பக்கமும் முழுசாக இல்லை, ஏனென்றால் பாதி பதிலை இடமே சொல்லிவிடுகிறது. கரையில் கூழாங்கல் தரையில் டென்ட் பெக் (கயிற்றைப் பிடிக்கும் முளை) இறங்காது, இறங்கினாலும் பிடிக்காது. கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றி, அதன் மேல் இன்னொரு கல்லை வைத்துத்தான் நிறுத்த வேண்டும். அங்கே ஹேமக் கட்ட மரமும் இருக்காது. சரிவில் நேர்மாறு: சமமான தரை கிடைக்காது, மரம் வேண்டிய மட்டும் கிடைக்கும். வேரும் கல்லும் மேடுபள்ளமும் ஹேமக்குக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஹேமக்கை முதன்முறை கட்டுபவர் செய்வது, அதை மேசைபோல இழுத்து இறுக்குவது. இறுக்கினால் நேராகப் படுக்கலாம் என்ற எண்ணம். நடப்பது வேறு: கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் தொங்கினால் ஒவ்வொரு பக்கமும் தாங்கும் இழுப்பு உங்கள் எடைக்குச் சமம், 15 டிகிரிக்கு இறுக்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 70 கிலோ ஆள் படுத்தால் ஒவ்வொரு கயிறும் 135 கிலோவை இழுக்கிறது. மரம், கொக்கி, துணி எல்லாவற்றுக்கும் அந்தச் சுமை. தொய்வாகக் கட்டிவிட்டு, ஹேமக்கின் நீளவாக்குக்குக் கொஞ்சம் சாய்வாகப் படுங்கள், தலை ஒரு ஓரத்துக்கும் கால் எதிர் ஓரத்துக்கும். கெண்டைக்காலுக்கு அடியில் அழுத்திக்கொண்டிருந்த துணி மடிப்பு மறைந்து முதுகு தட்டையாகும், அது மறைகிற வரை அங்குலம் அங்குலமாக நகர்ந்து பார்க்க வேண்டும். குப்புறப் படுக்கிறவர்களுக்கு எப்படி நகர்ந்தாலும் இது ஒத்துவராது, அவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

குளிரில் ஹேமக்கின் பலவீனம் முதுகுப் பக்கம். ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு உடம்பு எடையில் நசுங்கியதும் சூட்டைப் பிடிக்காது, கீழே காற்று ஓடுகிறது, நடுராத்திரியில் இடுப்பும் தோளும் விறைக்கும். ஹேமக்குக்கு வெளியே அடியில் தொங்கவிடும் அண்டர்குயில்ட் வேண்டும், அல்லது உள்ளே ஒரு ஸ்லீப்பிங் மேட் (அடியில் விரிக்கும் பாய்). அதையும் மழைக்கு டார்ப்பையும் கொசுவலையையும் சேர்த்தால், எடை குறைவு என்று ஹேமக்கை விற்கும் பேச்சு பாதி கரைந்துபோகும். டென்ட்டுக்கும் தரைக்குளிர் இருக்கிறது, ஆனால் அதற்கு ஸ்லீப்பிங் மேட்டின் ஆர்-வேல்யூவை (தரைக்குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) பார்த்து வாங்கினால் முடிந்தது, இதமான காலத்துக்கு ஏறக்குறைய 2 போதும், உறைகிற குளிருக்கு 4க்கு மேல் பாருங்கள். கட்டுவதற்கு முன் கேம்ப்கிரவுண்டில் மரத்தில் கட்ட அனுமதி உண்டா என்றும் கேளுங்கள், சில இடங்களில் கிடையாது. அனுமதி இருந்தாலும் மெல்லிய கயிறு வேண்டாம், பட்டையை அறுக்கும், 2.5 சென்டிமீட்டராவது அகலமான பட்டை நாடாதான்.

டென்ட் வெல்வது ஆள் கணக்கில். குழந்தையோடு போகிறவர்கள், உடை மாற்ற மறைவு வேண்டியவர்கள், மழை விடாமல் பெய்தால் உட்கார்ந்து சீட்டு விளையாட இடம் வேண்டியவர்கள், யோசிக்காமல் டென்ட் எடுங்கள். அடியில் விரிக்கும் ஷீட் மட்டும் டென்ட் விளிம்பைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, மேலிருந்து வழியும் மழைத்தண்ணீரை அதுவே ஏந்தி உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து விடும். உள்ளே மடித்துவிடுங்கள். தனியாள், சரிவு, இதமான காலம் என்றால் ஹேமக்கின் சுகமே தனி.

விறகா கேஸா என்பதில் எனக்குப் பெரிய யோசனை இல்லை, சமையலுக்கு கேஸ், தீ அனுமதி இருக்கும் இடத்தில் சும்மா உட்கார விறகு. ஆற்றோர விறகு பெரும்பாலும் ஈரம். அடுப்புக்கு ஆற்றுக்குள் கிடந்த கல்லை எடுத்து வைக்காதீர்கள், உள்ளே நுழைந்திருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறலாம். கேஸில் சாதா பியூட்டேன் குப்பி குளிர் இடத்துக்கு ஆகாது, மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே அது ஆவியாகாது. ஐசோபியூட்டேன் கலவை மைனஸ் 12 பக்கம் வரை இறங்கும். எதுவாக இருந்தாலும் டென்ட்டுக்குள் பற்றவைக்காதீர்கள், மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

குடிதண்ணீருக்குக் கொதிக்கவைப்பதும் ஃபில்டரும்தான் உண்மையான போட்டி, மாத்திரையை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் மாத்திரையில் உள்ள குளோரினுக்கு, வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி எளிதில் சாகாது. கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம், அவ்வளவுதான், வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் செத்துவிடும். எரிபொருளும் ஆறவைக்கும் நேரமும்தான் செலவு. 0.1 மைக்ரான் ஃபில்டர் பாக்டீரியாவையும் கியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் உடனே பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது, ஆகவே மேலே ஊரும் கழிவும் உள்ள ஆறு என்றால் கொதிக்கவைத்தே குடியுங்கள். கலங்கல் தண்ணீர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும், ஒரு பாத்திரத்தில் தெளியவைத்து மேல்தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். ஒருமுறை நனைந்த ஃபில்டர் ராத்திரி உறைந்துபோனால் உள்ளே இருக்கும் நுண்குழல்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதனால் உறைகிற குளிர் என்றால் அதை ஒரு பைக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் கூடவே வைத்துக்கொண்டு படுங்கள்.