தெருப் படத்துக்கு ரிக்கோ ஜிஆர் 3: வாங்கியதும் மாற்ற வேண்டியவை

ரிக்கோ ஜிஆர் 3 வெளிவந்தது 2019-ல். பேட்டரி, கார்டு சேர்த்தே 257 கிராம்தான். பைக்குள் அடங்கும் இந்தக் கேமராவில் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (பெரிய கேமராக்களில் வரும் அளவு) சென்சாரும், 28 மி.மீ. என்ற அகன்ற கோணம் தரும் எஃப் 2.8 லென்ஸும் இருக்கின்றன. எஃப் எண் லென்ஸ் திறப்பைக் குறிக்கும்; எண் கூடக் கூடத் திறப்பு சுருங்கும், தெளிவாக விழும் தூரம் நீளும். ஜூம் கிடையாது, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது, ஃபிளாஷும் கிடையாது. தெருவில் படம் எடுப்பவருக்கு இவ்வளவு பொருந்தும் சிறிய கேமரா அரிது. ஆனால் ஆட்டோ ஃபோகஸை நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான். வெளிச்சம் மங்கியதும் லென்ஸ் முன்னும் பின்னும் தேடத் தொடங்கும். அதற்குள் ஆள் கடந்து போய்விடுவார்.

இதற்கு மருந்து கேமராவுக்குள்ளேயே இருக்கிறது: ஸ்நாப் ஃபோகஸ். தூரத்தை முன்பே குறித்து வைத்துவிட்டால் லென்ஸ் எதையும் தேடாது, பொத்தானை அழுத்தியதும் படம் விழும். 2 மீட்டர், எஃப் 8 என்று வைத்தால் ஏறத்தாழ 1 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு மேலும் தெளிவாக இருக்கும். எஃப் 5.6-ல் அது 1.2 முதல் 6 மீட்டர் வரை. எஃப் 2.8-ல் மிஞ்சுவது 1.5 முதல் 3 மீட்டர் மட்டுமே.

‘ஃபுல் பிரஸ் ஸ்நாப்’ என்றொரு வசதியும் உண்டு. ஆட்டோ ஃபோகஸில் இருக்கும்போதே பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தினால் ஸ்நாப் தூரத்தில் எடுக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விரல் நடுவில் ஒரு கணம் தயங்கினாலும் ஆட்டோ ஃபோகஸ் புகுந்துவிடும். பதற்றத்தில் விரல் தயங்கத்தான் செய்யும். ஆகவே ஃபோகஸ் முறையையே ‘ஸ்நாப்’ என்று மாற்றிவிடுங்கள்.

இனி தூரத்தைக் கண்ணால் அளக்கப் பழக வேண்டும். கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்தால், 2 மீட்டரில் நிற்கும் சராசரி உயர ஆள் தலை முதல் கால் வரை சட்டத்தை நிரப்புவார். முழங்கால் அருகே வெட்டுப்பட்டால் 1.5 மீட்டர். காலுக்குக் கீழே தரை தாராளமாகத் தெரிந்தால் 2.5. டேப் வைத்து அளந்து ஒரு மணி நேரம் பழகினால் போதும், திரையைப் பார்க்காமலே தூரம் பிடிபடும்.

வெளிச்சத்துக்கு ஏவி முறை (திறப்பை நாம் குறித்தால் ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), எஃப் 8, ஆட்டோ ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைக்கும்). ஐஎஸ்ஓ உச்சம் 6400, ஷட்டரின் கீழ் எல்லை 1/500 நொடி. உள்ளே இருக்கும் அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், எதிரே நடப்பவரை நிறுத்தாது. ஐஎஸ்ஓ உச்சத்தைத் தொட்டதும் ஷட்டர் வேகம் அந்த எல்லைக்குக் கீழே இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மாலைப் படங்கள் குழம்புவது பெரும்பாலும் இதனால்தான். மாலைக்கு எஃப் 4, 1/250 என்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் எக்ஸ்போஷரை -0.3 அல்லது -0.7 ஆக்கினால் வெள்ளைச் சட்டைகள் வெளுத்துப்போகாது.

பகல் அமைப்பை மேலே உள்ள டயலின் யு1-லும் மாலை அமைப்பை யு2-லும் சேமிக்கலாம். அணைத்துப் போட்டால் சேமித்த நிலைக்கே திரும்பும் என்பதால், நடுவில் எதையாவது தெரியாமல் மாற்றிவிட்டாலும் கவலை இல்லை. ஒலிகள், ஃபோகஸ் துணை விளக்கு, எடுத்ததும் படத்தைக் காட்டும் வசதி மூன்றையும் அணையுங்கள். டச் ஃபோகஸையும்தான், திரை மேல் விரல் பட்டால் ஃபோகஸ் புள்ளி இடம் மாறிவிடும்.

28 மி.மீ. அகலமாகத் தோன்றுபவர்களுக்கு 40 மி.மீ. கோணத்தில் ஜிஆர் 3எக்ஸ் இருக்கிறது. ஆனால் அதில் 2 மீட்டர், எஃப் 8 வைத்தால் தெளிவு 1.4 முதல் 3.8 மீட்டருக்குள் சுருங்கும். ஸ்நாப்பை நம்பி எடுப்பவருக்கு 28-தான் நல்லது.

பேட்டரி ஏறக்குறைய 200 படம்தான் தாங்கும். கூடுதலாக ஒன்றாவது இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

பெரிய குறை தூசி. தூசி புகாத சீல் இல்லை. லென்ஸ் நீண்டு சுருங்கும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். பஞ்சு ஒட்டும் பாக்கெட்டில் வெறுமனே போடாதீர்கள், மெல்லிய உறையில் வையுங்கள். லென்ஸைக் கழற்ற முடியாததால் சென்சாரில் ஒட்டியதை வீட்டில் துடைக்க வழியில்லை, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். எஃப் 16-ல் வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சாம்பல் நிறப் புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும். பழைய கேமரா வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும்.