மண்டையோடா, ஷோல்டர் மவுண்ட்டா: இரண்டையும் செய்து பார்த்தவன் சொல்வது

மான் வேட்டைக்கான நவம்பர் துப்பாக்கி சீசன் வந்தாலே நம்மாட்கள் யாராவது போன் போட்டுக் கேட்பார்கள்: "அண்ணே, மண்டையோட்டை மட்டும் பண்ணச் சொல்லவா, இல்ல ஷோல்டர் மவுண்ட்டே போயிடலாமா?" சுட்ட மானின் மண்டையோட்டைக் கொம்போடு சுத்தம் செய்து வைப்பது ஒரு விதம். தலையைத் தோள்வரை தோலோடு பாடம் செய்து, அதாவது கெடாமல் பதப்படுத்தி, சுவரில் மாட்டுவது ஷோல்டர் மவுண்ட். இங்கே விஸ்கான்ஸினில் நன்றித் திருநாளை ஒட்டி ஒன்பது நாள் அந்த சீசன். முதல் தடவை நல்ல கொம்புள்ள மான் விழுந்தவர்களுக்குக் கை கால் ஓடாது. சுட்டதை அரசிடம் பதிவு செய்வதா, இறைச்சியைப் பார்ப்பதா, தலையை என்ன செய்வது என்று ஒரே குழப்பம்.

என் வீட்டில் இரண்டு விதமும் இருக்கின்றன. இரண்டுமே வெள்ளைவால் மான், இரண்டுமே எட்டுக் கிளைக் கொம்பு. செய்த கடைகள் வேறு வேறு. என் தீர்ப்பு மண்டையோட்டுக்குத்தான். ஷோல்டர் மவுண்ட்டுக்குக் காசு போட ஒரே ஒரு காரணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

மண்டையோட்டைச் செய்து கொடுத்தவர் தன் வீட்டுக் கொட்டகையிலேயே தொழில் நடத்துகிறார். நூற்றைம்பது டாலர் வாங்கினார். கொதிக்க வைப்பதில்லை, வண்டு விட்டுத்தான் சுத்தம் செய்கிறார். டெர்மெஸ்டிட் என்ற சின்னக் கறுப்பு வண்டு. அதைவிட அதன் மயிரடர்ந்த புழுக்கள்தான் அதிகம் தின்னும். தோலை உரித்து, கண்ணையும் நாக்கையும் மூளையையும் எடுத்து, கொஞ்சம் காயவிட்டு, தலையைத் தொட்டிக்குள் வைத்தால் எலும்பில் ஒட்டிய கடைசித் துணுக்குவரை அவை தின்றுவிடும். சிகாகோவின் ஃபீல்ட் மியூசியத்திலும் எலும்புக்கூடுகளை இந்த வண்டுகளைக்கொண்டுதான் சுத்தம் செய்கிறார்கள்.

இதனால் என்ன லாபம் என்பது மூக்குத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். உள்ளே காகிதக் கனம்கூட இல்லாத எலும்புச் சுருள்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. குளிர்காலக் காற்றைச் சூடாக்கி உள்ளே இழுக்க மானுக்கு அமைந்த ஏற்பாடு அது. தளதளவெனக் கொதிக்க வைக்கும் ஆட்களிடம் கொடுத்தால் இந்தச் சுருள்கள் உதிர்ந்துவிடும், மூக்கெலும்பும் கழன்று வரும், அப்புறம் பசை போட்டு ஒட்டித்தான் தருவார்கள். என்னுடையதில் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. மண்டையோட்டின் எலும்புகள் சந்திக்கும் வளைவு நெளிவான கோடு, கொம்பு எழும் அடிக்கட்டை, அதைச் சுற்றிய முண்டு முண்டான வளையம், அந்த வளையத்தின் பள்ளத்தில் இன்னும் சிக்கியிருக்கும் மரப்பட்டைத் துணுக்கு. அது உயிரோடு இருந்தபோது ஏதோ ஒரு மரத்தில் உரசி எடுத்தது. ஷோல்டர் மவுண்ட்டில் எலும்பு சம்பந்தப்பட்ட இதெல்லாம் முடிக்குள் மறைந்துபோகும்.

கொழுப்பு எடுக்கும் வேலையில்தான் இவர் உண்மையான தொழில்காரர் என்று ஒப்புக்கொண்டேன். எலும்புக்குள் ஊறிய கொழுப்பை எடுக்காமல் வெளுத்துக் கொடுத்தால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், சில மாதத்தில் மஞ்சள் திட்டுகள் எட்டிப்பார்க்கும். இவர் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றி எடுத்தபிறகே ஹைட்ரஜன் பெராக்சைடு பூசினார். அது கொம்பில் படாமல் அடிப்பகுதியைச் சுற்றிக் கட்டிவிட்டார். பட்டால் கொம்பின் பழுப்பு நிறம் போய்விடும். துணி வெளுக்கும் குளோரின் ப்ளீச்சை இவர் கிட்டவே சேர்ப்பதில்லை, அது எலும்பையே அரித்துப் பொடியாக்கிவிடும். ஒரே குறை: ஒரு பல் ஆடியது. சொன்னதும் அங்கேயே ஒட்டிக் கொடுத்தார்.

இனி ஷோல்டர் மவுண்ட். எழுநூற்றைம்பது டாலர், அடுத்த சீசன் நெருங்கும்போதுதான் கைக்கு வந்தது. இந்த வேலைக்கு ஒரு வருஷம் ஆவது சகஜம், அதில் எனக்குக் கோபமில்லை. வேலையின் தரத்தில்தான் கோபம்.

தோள்வரை பாடம் செய்த மானில் மானுடையது என்று இருப்பது தோலும், கொம்போடு ஒட்டிய மண்டைத் தகடும் மட்டுமே. உடல் பாலியூரித்தேன் நுரையில் வார்த்து விற்கும் அச்சு. கண் கண்ணாடி. மூக்கின் ஈரம் வார்னிஷ். ஆகவே நீங்கள் காசு கொடுப்பது செய்பவரின் கண்ணுக்கும் கைக்கும்தான். உயிருள்ள மானை அவர் எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறாரோ அவ்வளவுதான் உங்கள் சுவரில் வரும்.

என்னுடையது நவம்பரில் சுட்ட ஆண் மான். இனச்சேர்க்கைக் காலத்தில் அதன் கழுத்து வீங்கிப் பருத்திருக்கும். கழுத்துச் சுற்றளவை அளந்து அதற்கேற்ற அச்சை வாங்க வேண்டும். என் கடைக்காரர் கையில் இருந்த ஒல்லி அச்சில் போர்த்திவிட்டார். அளவெடுக்காமல் தைத்த சட்டை மாதிரி கழுத்தில் தோல் மடிந்து கிடக்கிறது. மானின் கண்மணி கிடைமட்டமான நீள்வடிவம், தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக நிற்க வேண்டும். இதில் இடதுகண் சற்றே சாய்ந்துவிட்டதால் அந்தப் பக்கம் வேறொரு பிராணி பார்ப்பதுபோல் இருக்கிறது. கண்ணின் முன்மூலையில் தோல் அச்சை விட்டு எழும்பி நிற்கிறது, விரலால் அழுத்தினால் உள்ளே வெற்றிடம். தோலின் உள்பக்கத்தை நன்றாகச் சீவி மெலிதாக்காமலோ, பசை சரியாகப் பிடிக்காமலோ, காயும்போது கவனிக்காமலோ விட்டால் இப்படித்தான் ஆகும். ஓர் உயிரை எடுத்த பிறகு அதன் முகத்தைக் கோணலாக்கி மாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. போய்க் காட்டினேன். "எல்லாம் காயும்போது இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள்.

நல்ல ஷோல்டர் மவுண்ட்டும் பார்த்திருக்கிறேன். எனக்கு வேட்டை கற்றுக்கொடுத்த பக்கத்துப் பண்ணைக்காரர், தன் நிலத்தில் வருடக்கணக்காகக் கேமராவில் பார்த்து வந்த ஒரு கிழ மானைச் செய்து வைத்திருக்கிறார். காதில் கிழிசல், மூக்கின்மேல் பழைய சண்டைத் தழும்பு, எல்லாம் அப்படியே. நான் சொன்ன அந்த ஒரே காரணம் இதுதான்: முகம் பார்த்து அடையாளம் தெரிந்த மான் என்றால், நல்ல கைக்காரரிடம், ஷோல்டர் மவுண்ட். கொம்பு அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அத்தனை காசு போட வேண்டாம்.

நம் வீடுகளுக்கென்று ஒரு கணக்கு தனியாக உண்டு. ஷோல்டர் மவுண்ட்டை ஹாலில் மாட்டியபோது மனைவி சொன்னாள்: "என்னங்க, சமைக்கும்போது அது என்னையே பாக்குது." திண்டுக்கல்லிலிருந்து வந்த அம்மாவுக்கோ அதில் ஆட்சேபணையே இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் மான்கொம்பு மாட்டியிருப்பதைப் பார்த்தவள். "கொம்பு இருக்கட்டும்ப்பா, மண்டையோடு மட்டும் வீட்டுக்குள்ள ஆகாது" என்றாள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மண்டையோடு இப்போது கராஜை ஒட்டிய என் வேலை அறையில். ஆர்டர் கொடுக்கும் முன் வீட்டில் கேட்டுவிடுங்கள்.

பராமரிப்பிலும் மண்டையோட்டுக்கு ஒரு துடைப்புத் துணி போதும். தோலுக்கு வெயில் ஆகாது, கணப்படுப்பின் சூடு ஆகாது, அந்துப்பூச்சி வேறு வைக்கும்.

கடைசியாக, இங்குள்ள எல்லோரும் கவனிக்க வேண்டியது நோய்ப் பரிசோதனை. மான்களின் மூளையைத் தாக்கும் சி.டபிள்யூ.டி. (க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்) நோய் விஸ்கான்ஸினில் 2002இல் கண்டுபிடிக்கப்பட்டது. நோயுள்ள மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். நானும் முடிவு வரும்வரை ஒரு துண்டு சுக்காகூடப் போடுவதில்லை. பரிசோதனைக்குத் தொண்டையின் நிணநீர்க் கணு வேண்டும். அதற்காகத் தலையைப் போட்டுவிட்டு வரும் பெட்டிகள் இருக்கின்றன, ஆனால் அங்கே போட்ட தலை திரும்ப வராது. கொம்பை மட்டும் ரம்பத்தால் அறுத்து எடுத்துக்கொண்டால் முழு மண்டையோடு போச்சு. ஆகவே தலையை முழுசாக எடுத்துப் போய், மாதிரி எடுக்கத் தெரிந்த பாடம் செய்பவரிடமோ, இயற்கைவளத் துறையின் ஆட்கள் உள்ள நிலையத்திலோ கொடுங்கள். நோயை உண்டாக்கும் புரதம் கொதிநீரில் அழியாது, வீட்டு அடுப்பில் தலையை வேகவைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

முடிவெடுக்க முடியவில்லை என்றால் காட்டிலேயே கத்தியை அடக்கி வையுங்கள். குடல் எடுக்கும்போது நெஞ்செலும்பைத் தாண்டி மேலே கீறாதீர்கள், தொண்டையை அறுக்கவே வேண்டாம், கழுத்தில் கயிறு கட்டித் தரையில் இழுத்து முடியைத் தேய்க்காதீர்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால், விலா நடுவில் சுற்றி வெட்டி, தோலைத் தலைவரை உருவி, தலையோடு சேர்த்துப் பையில் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள். பிறகு நிதானமாக நாலு கடை ஏறி இறங்கலாம். மண்டையோட்டுக்காரரிடம் கொழுப்பை எப்படி எடுக்கிறார் என்று கேளுங்கள். மற்றவரிடம் தோலைப் பதனிடுகிறாரா, வெறும் பொடி தடவுகிறாரா, அச்சுக்குக் கழுத்தளவு எடுக்கிறாரா என்று கேளுங்கள். போன வருஷம் அவர் செய்த மான் எங்காவது தொங்கினால், அதன் கண்மூலையைக் கிட்டப்போய்ப் பாருங்கள்.