வேலூரில் ஒரு பெண்ணுரிமைப் பயிற்சி: போகலாமா?

குடியாத்தத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதிப் பிழைக்கிறவள் நான். சத்துவாச்சாரியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய பண்பாடு, பெண்ணுரிமை பற்றிய வார இறுதிப் பயிற்சிக்கு 300 ரூபாய் கட்டிப் போனேன். கொடுத்த பணத்துக்குப் பழுதில்லை.

காலை வகுப்பு வெறும் தேதிப் பட்டியல். பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1979இல் ஏற்றது, இந்தியா 1993இல் உறுதிசெய்தது என்று திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குக் கொட்டாவி. சாப்பாட்டுக்குப் பிறகுதான் சூடுபிடித்தது. இந்த உடன்படிக்கையை எப்படி நிறைவேற்றுகிறீர்கள் என்று நாடுகளை ஐ.நா. குழு ஜெனீவாவில் கேள்வி கேட்கும் கூட்டத்தை எங்களையே நடிக்கவைத்தார்கள். பேரணாம்பட்டிலிருந்து வந்த, பீடி சுற்றும் அக்கா இந்திய அரசு; நாங்கள் கேள்வி கேட்கும் ஐ.நா. குழு.

உறுதிசெய்தபோதே டெல்லி சில அறிவிப்புகளை இணைத்திருக்கிறது. ஒரு சமூகமே முன்வந்து சம்மதிக்காமல் அதன் சொந்த விவகாரங்களில் தலையிட மாட்டோம் என்பது ஒன்று. திருமணப் பதிவைக் கட்டாயமாக்குவது கொள்கையளவில் சரி, ஆனால் இத்தனை வழக்கங்களும் மதங்களும் உள்ள பெரிய நாட்டில் நடைமுறைக்கு ஒத்துவராது என்பது இன்னொன்று. அக்கா இதை வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதமானாலும் 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அந்த விண்ணப்பங்களை நிரப்புவதுதான் என் பிழைப்பே. தாலி கட்டியவர், நிக்காஹ் முடித்தவர், மோதிரம் மாற்றியவர் எல்லோரும் வருகிறார்கள். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை என்றால், விசாவுக்காக மாமியாரே மருமகளைக் கையோடு அழைத்து வருகிறார். அப்போது மட்டும் எந்த வழக்கமும் குறுக்கே நிற்பதில்லை.

“சமூகத்தின் சம்மதம் என்றால் யாரைக் கேட்பீர்கள்? ஊர்ப் பெரியவர்களையா, மருமகளையா?” என்று குழுவின் சார்பில் கேட்டேன். அக்கா சற்று யோசித்து, “மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்” என்றார். அசல் அரசாங்கம்தான்!

பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதே உடன்படிக்கையைத்தான் துணைக்கு எடுத்துக்கொண்டது. ஆம்பூர் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்கள் அதைப் பற்றிக் கேட்கக் கேட்க, நேரமாகிவிட்டது என்று பயிற்றுநர் முடித்துவிட்டார். தேதிப் பட்டியலைக் குறைத்து இதற்கு ஒரு மணி நேரம் கொடுத்திருக்கலாம்.

கையேடு முழுக்க ஆங்கிலம். அதிலும் மங்கலான ஜெராக்ஸ். பாதிப் பேர் அதை விசிறியாகத்தான் பயன்படுத்தினார்கள். மகளிர் குழுத் தலைவிகள், ஊராட்சி உறுப்பினர்கள் தாராளமாகப் போகலாம். பணம் கட்டும் முன் தமிழில் கையேடு உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.