புதுப்பேட்டையில் தைத்த டிக்கி கவர்

கார் நிற்பது இங்கிலாந்தில், கவன்ட்ரியில். அதற்கு டிக்கி கவர் தைத்தது சென்னையில். நடுவில் ஒரு அட்வான்ஸ் போனது, என் மாமாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. பழைய கார் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

என் கார் 1972ஆம் வருடத்து ட்ரயம்ஃப் ஜிடி6. இரண்டே சீட், இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர். பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கதவு, மேலே தூக்கித் திறக்கும். பார்க்க அழகுதான். ஆனால் சீட்டுக்குப் பின்னால் என்ன வைத்தாலும் தெருவே பார்க்கும். போன கோடையில் யாரோ பக்கக் கண்ணாடியை உடைத்து கேமரா பையை எடுத்துப் போனார்கள். பை போனதைவிட, அந்தக் கண்ணாடியைத் தேடி அலைந்ததுதான் பெரிய பாடு. சாமானை மறைக்க ஒரு கவர் தைக்கலாமென்று அங்கே விசாரித்தால் 280 பவுண்டு கேட்டார்கள். சரி, ஜனவரியில் ஊருக்குத்தானே போகிறோம், சென்னையில் கார் சாமான் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு இருக்கிறதே என்று நினைத்தேன்.

இந்தக் காருக்கும் சென்னைக்கும் தூரத்து உறவு உண்டு. வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி 1960களில் ஹெரால்டு கார் செய்துகொண்டிருந்தது. நாலு கதவு ஹெரால்டு என்று ஒன்று இந்தியாவில் மட்டும்தான் வந்தது. அதே ஹெரால்டின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கித்தான் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்ற காரைச் செய்தார்கள், அதிலிருந்து பிறந்தது ஜிடி6. மாமா அந்தக் கம்பெனியில் சீட், ரூஃப் லைனிங் பிரிவில் வேலை பார்த்தவர். போனில் என் கார் படத்தைக் காட்டினேன். பானெட் மொத்தமும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறந்திருப்பதைப் பார்த்தவர், "டேய், இது நம்ம ஹெரால்டு பானெட்டுடா" என்றார். அன்றிலிருந்து கவர் வேலைக்கு அவர்தான் மேஸ்திரி.

கிளம்பும் முன்பே பிரவுன் பேப்பரில் அளவு வெட்டி எடுத்துப் போயிருந்தேன். நியூஸ்பேப்பரில் வெட்டாதீர்கள், மடிப்பில் கிழிந்து அளவு மாறிவிடும். என் காரில் இன்னொரு வில்லங்கம்: ஐம்பது வருடத்தில் யாரோ இடது வீல் ஆர்ச்சை (சக்கரத்துக்கு மேலே வரும் வளைவு) வெட்டி வெல்டிங் செய்திருக்கிறார்கள். வலப்பக்கத்தைவிட அது முக்கால் அங்குலம் துருத்திக்கொண்டிருக்கிறது.

முதலில் போனது ஏசி போட்ட பெரிய கடை. பேப்பரை ஒரு நிமிடம் பார்த்தார்கள். 4,500 ரூபாய், அட்வான்ஸ் 1,000, இரண்டு நாள் என்றார்கள். நாலாம் நாள் போனால் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அப்புறம் பொங்கல், பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒருவழியாகக் கைக்கு வந்த கவரை மாமா தரையில் விரித்து, மேலே பேப்பரைப் போட்டார். இடது வலதாக மாறியிருந்தது. ரெக்ஸினின் பின்பக்கத்தில் அளவைக் கவிழ்த்து வைத்துத்தான் கோடு போட வேண்டும், இவர்கள் அப்படியே வைத்து வெட்டிவிட்டார்கள். "நீங்க குடுத்த பேப்பர்படிதான் சார் வெட்டியிருக்கு" என்பதற்கு மேல் பதில் இல்லை. பேப்பரில் எது மேல்பக்கம் என்று நானும் எழுதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மாமா போட்ட சத்தத்துக்கு மீதிப் பணம் கேட்காமல் விட்டார்கள். அட்வான்ஸ் போனது போனதுதான்.

மாமாவே பிறகு புதுப்பேட்டைச் சந்து ஒன்றில் இருந்த குஷன் கடைக்குக் கூட்டிப்போனார். ஒரே ஒரு தையல் மெஷின், வாசலில் ஆட்டோ சீட்டுகள் அடுக்கியிருந்தன. கடைக்கார பாய்க்கு அறுபது வயதிருக்கும். பேப்பரைக் கையில் வாங்கும் முன்பே கேள்வி கேட்டார். மேலே கண்ணாடியா, தகரமா? வெயில் நேராக அடிக்குமா? காரில் ஓட்டை போடலாமா, கூடாதா? கூடாது என்றேன். பெட்ரோல் டேங்க் பின்னால்தான் இருக்கிறது, அங்கே டிரில்லைக் கொண்டுபோக எனக்குத் தைரியமில்லை. "அப்ப டிச் பட்டன் வேணாம். வீல் ஆர்ச் மேல கார்ப்பெட் ஒட்டியிருக்கில்ல, ஓரத்துல வெல்க்ரோ தெச்சா அதுவே கவ்விக்கும். முன்னாடி ஒரு மடிப்பு விடறேன், கர்ட்டன் ராடு நுழைச்சுக்குங்க. பின்னாடி எலாஸ்டிக் வளையம் மூணு" என்றார். துணி பேக்கிங் உள்ள ரெக்ஸின்தான் போட வேண்டும், மலிவானது வெயிலில் சுருங்கும் என்றும் சொன்னார்.

நேராக ரெக்ஸினை வெட்டவுமில்லை. மூலையில் கிடந்த பழைய ஃப்ளெக்ஸ் பேனரில் முதலில் ஒன்று வெட்டினார். "வண்டியக் காட்டுங்க" என்றார். வண்டி எங்கே இருக்கிறது! மணி நாலு, கவன்ட்ரியில் காலை பத்தரை. மகளை வீடியோவில் பிடித்து டேப்போடு காருக்குள் உட்காரவைத்தேன். "பாப்பா, அந்த வளைவுல கைய வை. அங்கேந்து கண்ணாடி ஓரம் வரைக்கும் எவ்ளோ?" அவள் சென்டிமீட்டரில் சொல்ல, மாமா அங்குலமாக்க, பாய் அதை நூல் கணக்கில் ஃப்ளெக்ஸில் குறித்துக்கொண்டார். எட்டு நூல் ஒரு அங்குலம் என்பதை மகளுக்கு விளக்கவே ஐந்து நிமிடம் ஆனது. என் பேப்பர் அளவு இரண்டு இடத்தில் தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. தைப்பதற்கு முன், "அங்க ரொம்பக் குளிருமா?" என்று ஒரு கேள்வி கேட்டார். பனி பெய்யும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மாலை கவர் தயார். ஓரமெல்லாம் பீடிங் வைத்து, இரட்டைத் தையல். கூலியும் பொருளும் சேர்த்து 2,200 ரூபாய். என் போனில் ஜிபே இல்லை, மாமா ஸ்கேன் செய்து கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கையில் சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். 500 ரூபாயை நீட்டினால் டீக்கடையில் முறைக்கிறார்கள்.

ரெக்ஸினை மடித்தால் மடிப்புக் கோடு போகாது. அதனால் பிளம்பிங் கடையில் பிவிசி பைப் ஒரு துண்டு வாங்கிச் சுற்றிக் கட்டினேன். ஏர்போர்ட்டில் ஸ்கேன் செய்தவர் பைப்பைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

வீடு வந்ததும் மாட்டிப் பார்த்தேன். காரேஜில் மூன்று டிகிரி. ரெக்ஸின் விறைத்துப்போய், பின் ஓரம் நாலு நூல் எட்டவில்லை. வயிறு கலங்கியது. வளையத்தைத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் அங்குலம் நீளமாக இன்னொரு வளையம் தைத்து வைத்திருக்கிறார் மனிதர். அதில் மாட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது.

அளவுக்கு வெட்டிய ஃப்ளெக்ஸையும் "வெச்சுக்குங்க, அடுத்த கவருக்கு ஆவும்" என்று சுருட்டிக் கொடுத்திருந்தார். அது இப்போது ஸ்டெப்னிக்கு மேல் விரிந்து கிடக்கிறது. டிக்கியைத் திறந்தால் யாருடையதோ பாதி மீசையும், கும்பிட்ட கை ஒன்றும் தெரியும்.