டி.எம்.டி. 'நெகட்டிவ்' என்று எழுதிக் கொடுத்தால், முழு ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் 'ஹார்ட் செக்கப் பேக்கேஜ்' என் அண்ணனுக்கு என்ன செய்தது என்று எழுதுகிறேன். பெயர் போடவில்லை. புகார் போயிருக்கிறது, முடியட்டும்.

அண்ணனுக்கு 54 வயது. பிரஷருக்கு மெட்டோபுரோலால் சாப்பிடுகிறார். மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததால்தான் செக்கப்புக்கே போனோம். ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., எக்கோ, கடைசியாக டி.எம்.டி., அதாவது ஓடும் பட்டையில் நடக்கவிட்டு ஈ.சி.ஜி. பார்க்கிற டிரெட்மில் டெஸ்ட்.

டிரெட்மில் அறையில் டெக்னீஷியன் பையன் ஒருவன் மட்டும்தான். டாக்டர் இல்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறார், காலையில் போட்டாரா என்று ஒரு கேள்விகூடக் கிடையாது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டிவிட்டு, "கம்பியை நல்லாப் பிடிச்சுக்கிட்டு நடங்க சார்" என்றான். கம்பியில் சாய்ந்துகொண்டு நடந்தால் உடம்பின் பாரம் கைக்குப் போய்விடும், இதயம் படும் சிரமம் குறைந்துவிடும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

டிரெட்மில் டெஸ்ட்டுக்கு வழக்கமாகப் பின்பற்றும் புரூஸ் முறையில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். முதல் கட்டம் மணிக்கு 2.7 கி.மீ., 10 சதவீதச் சரிவு. அடுத்தது 4 கி.மீ., 12 சதவீதம். அந்த இரண்டாவது கட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அண்ணன், "தம்பி, நெஞ்சு லேசாப் பிடிக்குது, முட்டியும் வலிக்குது" என்றார். மெஷினை நிறுத்திவிட்டான். ரிப்போர்ட்டில் 'முட்டிவலியால் நிறுத்தப்பட்டது. நெஞ்சுவலி இல்லை' என்று வந்தது. கீழே 'டி.எம்.டி. நெகட்டிவ்'. அதற்கும் கீழே, அந்த அறைப் பக்கமே வராத டாக்டரின் முத்திரையும் கையெழுத்தும். கவுன்டரில் கொடுத்தது இந்த ஒரு தாள்தான்.

நெகட்டிவ் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் படியேறும்போது அடைப்பது நிற்கவில்லை. வேறொரு இதய மருத்துவரிடம் போனோம். அந்தத் தாளைப் பார்த்தவர், "நடக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. கிராஃப் எங்கே? இதை வெச்சு நான் என்ன சொல்ல?" என்றார். அப்புறம் அலைந்து திரிந்து முழு ரிப்போர்ட்டையும் வாங்கினோம். முதலில் 'சிஸ்டத்தில் இல்லை' என்றார்கள். எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை இருப்பதைக் காட்டிக் கடிதம் கொடுத்ததும் சிஸ்டத்தில் வந்துவிட்டது!

உள்ளே இருந்த விஷயம் இதுதான். 220-இல் இருந்து வயதைக் கழித்தால் 166. அதில் 85 சதவீதம், அதாவது 141 வரையாவது நாடித்துடிப்பு ஏற வேண்டும். அண்ணனுக்கு ஏறியது 112. மெட்டோபுரோலால் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும் மாத்திரை. இப்படிப்பட்ட டெஸ்ட்டில் ஈ.சி.ஜி. மாறவில்லை என்றால், 'முடிவு சொல்ல முடியவில்லை' என்றுதான் எழுத வேண்டும்.

அந்த மருத்துவர் இன்னொன்றும் காட்டினார். டிரெட்மில் முடிவை வைத்து இதய ஆபத்தை மதிப்பிடும் டியூக் ஸ்கோர் என்று ஒரு கணக்கு உண்டு. நடந்த நிமிடங்களில் இருந்து, ஈ.சி.ஜி. கோட்டில் எஸ்.டி. என்கிற பகுதி (இதயத்துக்கு ரத்தம் போதாதபோது மாறும் இடம்) எத்தனை மில்லிமீட்டர் விலகியதோ அதை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். நெஞ்சுவலி வந்திருந்தால் 4, வலியாலேயே நிறுத்த வேண்டியிருந்தால் 8, அதையும் கழிக்க வேண்டும். 5-உம் அதற்கு மேலும் வந்தால் ஆபத்து குறைவு. மைனஸ் 11-உம் அதற்குக் கீழும் போனால் ஆபத்து அதிகம். அண்ணன் நடந்தது 4 நிமிடம், எஸ்.டி. மாற்றம் இல்லை. ரிப்போர்ட் சொல்கிறபடியே வலி இல்லை என்று வைத்தாலும் 4 தான். அவர் சொன்ன நெஞ்சுப் பிடிப்பைச் சேர்த்தால் பூஜ்யம். எப்படிப் பார்த்தாலும் நடுத்தர ஆபத்து. இவ்வளவும் அவர்கள் மெஷினே அச்சிட்ட எண்களில் இருக்கிறது. யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு சி.டி. ஆஞ்சியோ எடுத்ததில் இதயத்தின் முன்பக்க முக்கிய ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தாயிற்று, இப்போது நன்றாக இருக்கிறார்.

டிரெட்மில் டெஸ்ட்டே மோசடி என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்தால், ஒருவர் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறார், நிறுத்திய முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதெல்லாம் எதிர்காலத்தைப் பற்றி நிறையச் சொல்லும். முதல் நிமிடத்தில் 12 துடிப்புகூடக் குறையவில்லை என்றால் கவனிக்க வேண்டிய ஆள். ஆனால் ஒழுங்காகச் செய்தாலும் அடைப்பு உள்ள எல்லோரையும் அது பிடித்துவிடாது. பெண்களுக்கு இல்லாத அடைப்பை இருப்பதாகக் காட்டுவதும் உண்டு.

உங்கள் வீட்டில் யாராவது போனால் அறையில் டாக்டர் இருக்கிறாரா பாருங்கள். மாத்திரைச் சீட்டை முதலிலேயே காட்டுங்கள், நிறுத்தலாமா என்று கேளுங்கள். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. நடக்கும்போது நெஞ்சில் என்ன தோன்றினாலும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். முட்டிவலி உள்ளவர்கள் நடக்காமலேயே, மருந்து கொடுத்து இதயத்துடிப்பைக் கூட்டிச் செய்கிற டோபுடமின் எக்கோ பற்றி விசாரியுங்கள். கிராஃப் தாள்கள் முழுவதும் கைக்கு வராமல் கவுன்டரைவிட்டு நகராதீர்கள்.

மருத்துவமனை நிர்வாகம் தந்த பதில்: "பேக்கேஜில் ஸ்க்ரீனிங் மட்டும்தான் சார், டயக்னோசிஸ் வராது." பணத்தில் பாதியைத் திருப்பித் தருகிறோம், கடிதத்தை வாபஸ் வாங்குங்கள் என்றும் போனில் சொன்னார்கள். வாங்கவில்லை. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு மனு போய்விட்டது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்.