கிரீன் கார்டு ஆலோசனை: ஒரு மணி நேரத்தில் கிடைத்த தெளிவு

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணிபுரியும் நான், கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) பற்றிய ஐயங்களுடன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கட்டண ஆலோசனை பெற்றேன். குடியுரிமை பெற்ற என் அக்கா எனக்காக விண்ணப்பிக்கலாம் என்றாலும், உடன்பிறந்தோர் பிரிவு ஆண்டு வரம்புக்கு உட்பட்டது என்பதால் காத்திருப்பு மிக நீளும் என்றும், குடிமக்களின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு மட்டுமே அந்த வரம்பு இல்லை என்றும் அவர் பொறுமையாக விளக்கினார்.

வேலைவழி விண்ணப்பத்தைப் பற்றிய பகுதிதான் கொடுத்த பணத்துக்கு ஈடானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 இடங்களே உள்ள இவ்வழியில் எந்த நாட்டினருக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்காது. ஒருவர் எந்த நாட்டின் வரிசையில் சேர்வார் என்பது குடியுரிமையால் அன்றி, பிறந்த இடத்தால் தீர்மானிக்கப்படுகிறது. வேறு நாட்டில் பிறந்தவரை மணந்திருந்தால் அவருடைய நாட்டின் வரிசையில் சேர இயலும் என்பதை, இத்தனை ஆண்டுகளாக அலுவலக நண்பர்களின் பேச்சை மட்டுமே நம்பியிருந்த நான் அன்றுதான் அறிந்தேன் (என் மனைவியும் இந்தியாவில் பிறந்தவர் என்பதால் எனக்குப் பயனில்லை). வேலைவழி விண்ணப்பத்துக்காக நிறுவனம் அரசிடம் பெறும், பெர்ம் எனப்படும் தொழிலாளர் சான்றிதழுக்கான செலவை நிறுவனமே ஏற்க வேண்டும் என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார்.

குறை என்றால், தருவதாகச் சொன்ன எழுத்துச் சுருக்கம் இருமுறை நினைவூட்டிய பின்னரே வந்தது. அதிலும், வரிசையில் என் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதி தவறாக இருந்தது. ஆலோசனைக்கு மீண்டும் இவரிடமே செல்வேன். ஆவணங்களை மட்டும் நானே சரிபார்த்துக்கொள்வேன்.